பழைய துப்பாக்கி யாருக்குப் பழசு?

1

இக்கட்டுரையை ஓர் ஒப்புதலோடு தொடங்க வேண்டியிருக்கிறது. நான் துப்பாக்கி சுட்டிருக்கிறேன். ஆறு தடவை. ஆறிலும் ஒரு வெட்கங்கெட்ட சந்தோஷம் இருந்தது. அதிகாரம், வன்முறை, அரசு என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிற ஒருவன் இதை மறைத்துவிட்டு வரலாறு பேசினால் அது நேர்மையாக இருக்காது.

துப்பாக்கி என்னுடையதில்லை, பெரியம்மா மகனுடையது. அவரை அண்ணன் என்றே சொல்கிறேன். பெரியப்பா சொல்தா. காரைக்கால், புதுச்சேரி வழக்கில் சொல்தா என்றால் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர். அந்தக் குடும்பங்களுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அண்ணன் பிரான்சின் தென்பகுதியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், "தம்பி, ஒரு சாமான் காட்டுறேன் வா" என்று காரின் பின்பக்கத்தைத் திறந்தார். நீளப் பெட்டிக்குள் வாதுமை மரக்கட்டை, நீலம் பூத்த இரும்புக் குழல். ஷார்ப்ஸ் ரைஃபிள், 1859 மாதிரி. அன்றைக்குச் செய்ததல்ல. இத்தாலியில் பிரேஷா நகருக்குப் பக்கத்தில் கார்தோனே என்கிற ஊர், தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்கிற ஊர், அங்கே இப்போது செய்த நகல்.

ஊருக்கு வெளியே ஒரு சங்கத்தின் சுடுதளம். விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தை முன்னால் தள்ளினால் குழலின் பின்பக்கத்தை மூடியிருக்கும் இரும்புக் கட்டி கீழே இறங்குகிறது. குழல் பின்னாலிருந்து வாய் திறக்கிறது. கரிமருந்தும் ஈயக்குண்டும் சுருட்டிய காகிதத் தோட்டாவை உள்ளே தள்ளி, வளையத்தை மேலே இழுத்தால் கட்டி ஏறி மூடுகிறது. ஏறும்போதே அதன் கூர்விளிம்பு காகிதத்தின் வாலை நறுக்கிவிடும், மருந்து வெளிப்படும். பிறகு வெளியே இருக்கும் சின்னக் காம்பின்மேல் ஒரு செப்புக் கேப்பை மாட்ட வேண்டும். சுத்தி கேப்பில் விழுந்தால் அதன் பொறி உள்ளே பாய்ந்து மருந்தைப் பற்ற வைக்கும். தீபாவளிக்கு நாம் சுத்தியலால் அடிக்கிற பொட்டு வெடியின் தத்துவம்தான்.

சுட்டேன். தோளில் அறையவில்லை, தள்ளியது. முன்னால் வெள்ளைப் புகை எழுந்து, இலக்கே தெரியாமல் போனது. அந்த வாசனை எனக்குப் புதுசல்ல. ஊர்க் கோயில்களில் சாமி புறப்படும்போது போடுகிற அதிர்வேட்டின் வாசனை. வெடியுப்பு முக்கால் பங்கு, மீதி கரியும் கந்தகமும். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் வெந்நீரும் சோப்பும் வைத்துக் குழலைக் கழுவினார். கழுவாமல் விட்டால் ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும் என்றார். அழுகின முட்டை நாற்றம் வீடு முழுக்க. அண்ணி திட்டிக்கொண்டே ஜன்னலைத் திறந்தார்.

"லைசென்ஸ் எடுக்கிறது கஷ்டமாண்ணே?" என்று கேட்டேன்.

"இதுக்கு எதுக்குப்பா லைசென்ஸ்? இது பழசு."

பெட்டியிலிருந்த ரசீதைப் பார்த்தேன். துப்பாக்கிக்கு வயது நான்கு.

2

ஊர் திரும்பிய பிறகு, ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. காரைக்கால் அம்மையார் கோயில் தெருவில் பாசிமணி, ஊசி, கிளிப்பு விரித்து உட்கார்ந்திருந்த நரிக்குறவர் பெரியவர் ஒருவரோடு பேச்சு வளர்ந்தது. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து திருவிழாவுக்காக வந்தவர். மடையான், கொக்கு, காடை என்று பேச்சு போய் துப்பாக்கியில் நின்றது. அவருடைய அப்பாவிடம் கேப்புத் துப்பாக்கி இருந்ததாம், உரிமத்தோடு. முன்வாயில் மருந்தைப் போட்டு, துணியை வைத்து, ரவையைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிப்பது. தேர்தல் வரும்போதெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கி வருவார். ஒரு தடவை ஒப்படைத்தது திரும்பி வரவில்லை.

"பழசு சாமி, இதை வச்சு நீ என்ன பண்ணப் போறேன்னு கேட்டாங்க. புதுசு கேட்டா குடுப்பாங்களா? அதுவும் குடுக்க மாட்டாங்க."

ஒரே சொல். அங்கே 'பழசு' என்பதால் வைத்துக்கொள்ளலாம். இங்கே 'பழசு' என்பதால் எதற்கு உனக்கு. இரண்டுமே கேப்பு வைத்துக் கரிமருந்தில் சுடுபவை. ஒன்று பின்னால் கெட்டிப்பது, மற்றது முன்னால் கெட்டிப்பது என்பதுதான் வித்தியாசம். இந்த வித்தியாசத்தை நான் முதலில் தொழில்நுட்பம் என்றுதான் நினைத்தேன். படிக்கப் படிக்க, இது யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று அரசுகள் இரும்பில் எழுதிவைத்த கணக்கு என்று தெரிந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே வாசிக்க முயல்கிறேன்.

3

கேப்பின் கதையே பறவை வேட்டையில்தான் தொடங்குகிறது. அலெக்சாண்டர் ஃபோர்சித் ஸ்காட்லாந்தில் ஒரு பாதிரியார். சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளியே மருந்து பளிச்சென்று எரியும், பிறகுதான் உள்ளே வெடிக்கும். அந்த இடைவெளியில் பறவை எழுந்து பறந்துவிடும். அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு அந்த இடைவெளியை அவர் ஒழித்தார். 1807இல் காப்புரிமை பெற்றார். அந்த ரசாயனத்தைச் செப்புக் கிண்ணியில் அடைத்த கேப்பு 1820களில் பரவியது. பாதிரியாருக்குப் பறவை தப்பக்கூடாது என்கிற கவலை, அதே கவலை மாங்கனித் தெருப் பெரியவரின் அப்பாவுக்கும். அறிவியல் வரலாற்றில் முன்னவருக்கு இடம் உண்டு, பின்னவருக்கு வேட்டைத் தடுப்புச் சட்டத்தில்தான் இடம்.

பின்னால் கெட்டிப்பது அடுத்த கட்டம். முன்னால் கெட்டிக்கிறவன் நின்றுகொண்டு, குழலை நிமிர்த்தி, கம்பியால் இடிக்க வேண்டும். பழகிய சிப்பாய்க்கே நிமிடத்துக்கு மூன்று வேட்டு. பின்னால் கெட்டிக்கிறவன் படுத்துக்கொண்டே, மரத்துக்குப் பின்னாலிருந்தே, குதிரைமேல் இருந்தே கெட்டிக்கலாம், அதைப் போல இரண்டு மூன்று மடங்கு சுடலாம். கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் என்ற அமெரிக்கர் 1848இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் அண்ணனின் துப்பாக்கி. 1850களில் கான்சாஸ் பிரதேசத்தில் அடிமைமுறையை எதிர்த்த குடியேறிகளுக்கு வடக்கிலிருந்து இந்தத் துப்பாக்கிகள் போயின. அதை ஆதரித்த ஹென்றி வார்டு பீச்சர் என்ற போதகரின் பெயரால் 'பீச்சரின் பைபிள்கள்' என்றே அவற்றை அழைத்தார்கள். 1859இல் ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கியபோது அவர் ஆட்களிடம் இருந்ததும் ஷார்ப்ஸ். அடிமைகளுக்கு ஆயுதம் தர முயன்றதற்காக அவரைத் தூக்கில் போட்டார்கள். இந்த நகல்களை இன்று வாங்கிச் சுடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு இல்லை. நான் சொன்னபோது, "அப்படியா? நல்ல துப்பாக்கிதான்" என்றார்.

அதே ஆண்டுகளில் இந்தியாவில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1857இன் கொழுப்புத் தடவிய தோட்டா எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த என்ஃபீல்டு முன்னால் கெட்டிப்பதுதான், ஆனால் குழலுக்குள் மரை ஓடியது. மரை இருந்தால் குண்டு சுழன்று போகும், தூரத்திலிருந்தும் குறி தப்பாது. கிளர்ச்சி அடக்கப்பட்டதும் சிப்பாய்களுக்கென்று ஒரு தனி மாதிரி, 1858 மாதிரி, செய்யப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அதே என்ஃபீல்டு, உள்ளே மரை கிடையாது. குழலைக் கடைந்து வழவழப்பாக்கிவிட்டார்கள். ஒரு பேரரசு காசு செலவழித்து ஒரு துப்பாக்கியைக் கெடுத்துத் தருகிறது. உன் கையில் இருக்கலாம், ஆனால் வெள்ளைச் சிப்பாயின் கையில் இருப்பதைப் போல் சுடக்கூடாது. இதை விளக்க ஃபூக்கோவைக் கூப்பிடத் தேவையில்லை. குழலுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் போதும்.

1866இல் பிரிட்டிஷ் படை ஸ்னைடருக்கு மாறியது. அதுவும் பின்னால் கெட்டிப்பது. 1868 ஏப்ரலில் அபிசீனியாவில், மக்டலா கோட்டை அடிவாரத்தில், பிரிட்டிஷ் ரெஜிமெண்டின் கையில் ஸ்னைடர், கூடவே போன இந்தியப் படையின் கையில் முன்வாய்த் துப்பாக்கி. 1870களில் இந்தியச் சிப்பாய்க்கு ஸ்னைடர் வந்தபோது வெள்ளைச் சிப்பாய் மார்ட்டினி-ஹென்றிக்குப் போய்விட்டான். எப்போதும் ஒரு தலைமுறை பின்னால். நம்முடைய பழமை என்பது நாம் பின்தங்கியதால் வந்ததல்ல, பின்னால் நிறுத்தி வைக்கப்பட்டதால் வந்தது.

4

படைக்கு வெளியே இருந்த ஜனங்களுக்கு வருவோம். தமிழகத்தில் இந்த வரலாறு 1857க்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும். 1857க்குப் பிறகு ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வரிசையாக வந்தன, 1878இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியருக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. 1887இல் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடே இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மனுப்போட்டுப் பழகிய கனவான்களின் காங்கிரஸ் அது. அவர்களுக்கே உறைத்திருக்கிறது.

சுதந்திரம் வந்தது, 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. இனப்பாகுபாடு போயிற்று. ஆனால் குழலில் எழுதிய கணக்கு போகவில்லை. பிரிவு 13(3) சொல்வதை நம்ம பாஷையில் சொன்னால் இதுதான்: இந்தியக் குடிமகனுக்குப் பாதுகாப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ, இருபது அங்குலத்துக்குக் குறையாத, மரையில்லாத குழல் கொண்ட துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக என்றால் முன்வாயில் கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் வேறு வழவழப்புக் குழல். இவை தவிர மற்றவற்றுக்குத் தக்க காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தி அடைய வேண்டும்.

நிதானமாகப் படியுங்கள். 'பாதுகாப்பு' என்று கேட்கிறவனுக்கு ஒரு துப்பாக்கி, 'பயிர்' என்று கேட்கிறவனுக்கு ஒரு துப்பாக்கி. முதலாமவன் காக்க வேண்டிய சொத்து உள்ளவன். இரண்டாமவன் காட்டோரத்தில் பரண் கட்டி ராத்திரி முழுக்க முழித்திருக்கிறவன். எம்.ஏ. தமிழில் குறிஞ்சித்திணைக்குப் புனங்காவலைப் படித்தோம். தழல், தட்டை, குளிர், கவண் என்று கிளி ஓட்டும் கருவிகளுக்குப் பொருள் எழுதி மதிப்பெண் வாங்கினோம். அந்தப் புனங்காவலன் இந்தியச் சட்டத்தில் வந்து சேர்ந்த இடம் இதுதான். அவனுக்கு உரிய ஆயுதம் ஐரோப்பியப் படைகள் 1860களில் தூக்கிப் போட்ட ஆயுதம். அதிலும் ஒரு சலுகைத் தொனி.

இப்போது அண்ணனின் ஷார்ப்ஸை இந்தச் சட்டத்துக்குள் விட்டுப் பார்க்கலாம். பாதுகாப்பு, விளையாட்டு வாசலில் நுழைய முடியாது, குழலில் மரை இருக்கிறது. பயிர் வாசலில் நுழைய முடியாது, பின்னால் கெட்டிப்பது. இரண்டு வாசலும் இந்தியக் குடிமகனுக்கு, அண்ணனோ பிரெஞ்சுக் குடிமகன். வழக்கொழிந்த மாதிரிகளுக்கும் தொன்மை மதிப்புள்ளவற்றுக்கும் பிரிவு 45இல் விலக்கு உண்டு. ஆனால் சுட முடியாத நிலையில் இருந்தால்தான், பழுது பார்த்தும் சுட முடியாது என்றால்தான். அண்ணனின் துப்பாக்கி நன்றாகச் சுடும், நானே சாட்சி. 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்தி, தொல்பொருள் வகைச் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் உரிமம் இல்லாமலே வைத்திருக்கலாம் என்றது. சுடவோ எடுத்துச் செல்லவோதான் உரிமம். ஆனால் நான்கு வயதுத் துப்பாக்கி எப்படித் தொல்பொருளாகும்? கடைசியில் அதிகாரியின் திருப்தி ஒன்றுதான் மிச்சம். மருந்துக்குத் தனியாக 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் வேறு.

பிரான்சில் அதே பொருள் ஆயுத வகைகளில் ஆகக் கீழானதில் இருக்கிறது. 1900க்கு முந்தைய மாதிரியின் நகல், உலோகத் தோட்டா போடாதது, எனவே வயது வந்தவர் முன் அனுமதியின்றி வாங்கலாம். அமெரிக்காவில் இன்னும் விசேஷம். 1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, நவீனத் தோட்டா போடாத இப்படிப்பட்ட நகல் 'தொன்மை ஆயுதம்' என்று வகுக்கப்பட்டு, துப்பாக்கி என்ற வரையறைக்கே வெளியே நிற்கிறது. இந்தியச் சட்டத்திலோ வெடிமருந்தின் விசையால் எதையாவது எறிய வல்லது எதுவும் சுடுகலன்தான்.

அங்கே பழமை என்பது தேதியைப் பொறுத்தது, ஒரு மாதிரி பிறந்த ஆண்டு. அந்தத் தேதிக்கு முந்தியது என்றால் அதன் வன்முறை தீர்ந்துவிட்டதாக ஐதீகம். அடிமைமுறைப் போர், செவ்விந்தியர் நிலப்பறிப்பு, காலனியப் படையெடுப்பு எல்லாம் முடிந்துபோன விஷயம், இனி விளையாடலாம். வென்றவனுக்குத்தான் ஆயுதம் ஞாபகார்த்தப் பொருளாக மாறும். பறிகொடுத்தவனிடம் அதே ஆயுதம் இருந்தால் அது இன்னமும் வழக்கு.

5

இதை காரைக்காலிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர். சுற்றிலும் பிரிட்டிஷ் தஞ்சாவூர் ஜில்லா, நடுவில் பிரான்ஸ். நெப்போலியன் போர்களுக்குப் பின் பிரிட்டிஷார் இதைத் திருப்பிக் கொடுத்தபோது, 1814 பாரிஸ் உடன்படிக்கையின் நிபந்தனைப்படி, பிரான்ஸ் இங்கே கோட்டை கட்டக்கூடாது, போலீஸ் வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது. ஒரு பேரரசு இன்னொரு பேரரசுக்கு விதித்த ஆயுதச் சட்டம் என்று இதைச் சொல்லலாம். மறுவருஷம் உப்பு பற்றிய உடன்படிக்கை வந்தது. அதற்கு முன்பே, 1757க்குப் பிறகு, பீகார் வெடியுப்பு ஆங்கிலக் கம்பெனியின் பிடிக்குள் போயிருந்தது. பிரான்ஸ் தன் மண்ணிலேயே வெடியுப்பு சுரண்ட வேண்டிய நெருக்கடி, 1775இல் லவோய்சியேவை வெடிமருந்து நிர்வாகத்தில் உட்கார வைத்தது. உப்பு, வெடியுப்பு இரண்டுக்கும் மல்லுக்கட்டிய காலம். அரசலாற்றங்கரையில் இருந்த நம் முன்னோர்களுக்கு இரண்டிலும் பங்கில்லை.

பிரெஞ்சு எல்லை பிரிட்டிஷ் சட்டத்தில் விழுந்த ஓட்டையாகவும் இருந்தது. 1878 சட்டம் அந்த எல்லையில் வந்து நின்றுவிடும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் பயிற்சி பெற்றதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எழுதாமல் தாண்டிப் போகிற இடம், அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம் சனாதன தர்மத்தை நிலைநாட்டுவது பற்றிப் பேசியது என்பதுதான். ஓட்டை வழியாக வந்த துப்பாக்கி யார் கைக்குப் போனது, எந்தக் கனவோடு போனது என்று கேட்காமல், எல்லையைச் சுதந்திரத்தின் வாசல் என்று கொண்டாட முடியாது. பிரெஞ்சுச் சுதந்திரத்துக்கும் இரண்டு முகம். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் சவானா ஆலைத் தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சு அரசு சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் ஆலை வாசல் வரைக்கும்தான்.

1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு. ஊர்ச் சட்டம் மாறியது. ஆனால் சொல்தா குடும்பங்கள் வேறொரு சட்டத்தையும் உடம்பில் சுமந்துகொண்டிருந்தார்கள். இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனவர்கள், வேறொரு காலனியின் ஜனங்களைச் சுட்டுவிட்டு வந்தவர்கள், ஜூலை 14ஆம் தேதி பதக்கம் குத்திக்கொண்டு நின்றார்கள். பெரியப்பா இந்தோசீனாவைப் பற்றிப் பேசவே மாட்டார். பேசினால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். அவர் மகன் வார இறுதிகளில் காகிதத் தோட்டா சுருட்டுகிறார். அப்பனுக்குத் துப்பாக்கி பிழைப்பு, மகனுக்குப் பொழுதுபோக்கு. காலனியத்தின் கூலிப்படை வம்சம் ஒன்று, அரை நூற்றாண்டில், வென்றவர்களின் ஞாபகக் கிளப்பில் உறுப்பினராகிவிட்டது. அந்த ஆறு தடவையும் நானும் அங்கே விருந்தாளியாக இருந்திருக்கிறேன்.

6

தோழர்கள் சிலர் கேட்கக்கூடும்: அப்படியென்றால் எல்லோர் கையிலும் துப்பாக்கி வேண்டும் என்கிறீரா? இல்லை. நான் வாழ்வது கீழத்தஞ்சையின் ஓரத்தில். காரைக்காலிலிருந்து பஸ் ஏறினால் கீழ்வெண்மணி அதிக தூரமில்லை. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டதற்காக, தலித் விவசாயக் கூலிகளின் தெருவைச் சுற்றி வளைத்தவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள், சுட்டார்கள். ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எரிந்தவர்கள் பக்கம் துப்பாக்கி இல்லை. நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் ஒன்று திரண்டவர்களுக்குத்தான் 'பாதுகாப்பு' தேவைப்பட்டது. சட்டத்தின் அந்த ஒற்றைச் சொல்லுக்கு டெல்டாவில் சாதி உண்டு, ஏக்கர் கணக்கு உண்டு. யார் பயப்பட உரிமை உள்ளவர் என்பதை உரிமம் தருகிற மேஜைதான் தீர்மானிக்கிறது. கூலிக்காரன் பயப்படுகிறான் என்று அந்த மேஜையில் எழுதிக் கொடுக்க முடியுமா?

இன்னொரு ஒப்பீடும் அவசியம். குடகு இனத்தவருக்கும் அங்கே ஜம்மா நில உடைமையாளர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே ஆயுதச் சட்டத்தில் விலக்கு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டித்தது. காரணம் வீரமரபு, துப்பாக்கியை வணங்கும் பண்பாடு. எனக்கு அதில் பொறாமை இல்லை. ஆனால் நரிக்குறவருக்கும் துப்பாக்கியோடு ஒரு பண்பாடு இருந்தது. நாடோடி, வாக்ரிபோலி பேசுகிறவர், நிலமில்லாதவர் என்பதால் அந்தப் பண்பாட்டுக்கு வீரம் என்ற பெயர் கிடைக்கவில்லை. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிச் சட்டத்தின் நிழலில் நாடோடிகள் எல்லோருமே சந்தேகப் பட்டியலில் இருந்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் மிச்ச வழியையும் அடைத்தது. பறவைகள் பாதுகாக்கப்பட வேண்டும், சரி. கோடியக்கரைக்கு வருகிற பூநாரைக்காக நானும் வாதாடுவேன். ஆனால் வேட்டையை எடுத்துக்கொண்ட அரசு பதிலுக்கு என்ன கொடுத்தது? ஊசிமணி, பாசிமணி. 2022 டிசம்பரில்தான் நரிக்குறவர், குருவிக்காரர் பெயர்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இடையில் ஐம்பது வருஷம். புதுச்சேரியில் 2016இல் இருளர்கள் பழங்குடிகளாக அறிவிக்கப்பட்டபோது அடைப்புக்குறிக்குள் இரண்டு பெயர்கள் சேர்ந்து வந்தன: வில்லி, வேட்டைக்காரன். வேட்டை குற்றமாகிப் போன நாட்டில், வேட்டைக்காரன் என்பது சாதிச் சான்றிதழில் மட்டும் மிஞ்சியிருக்கிற தொழில்.

7

துப்பாக்கியைப் பற்றி நம் பத்திரிகைகளில் இரண்டு விதமாகத்தான் பேசிவந்திருக்கிறோம். ஒன்று, துப்பாக்கி என்றாலே விடுதலை, ஆண்மை, புகைப்படத்தில் தோளில் தொங்கும் கம்பீரம். மற்றது, நாமெல்லாம் அகிம்சை மரபினர், ஆயுதம் நமக்கு அந்நியம் என்கிற தூய்மைப் பேச்சு. முதலாவது, துப்பாக்கி எந்தச் சாதி, எந்த வர்க்கத்தின் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது என்று பார்ப்பதில்லை. இரண்டாவது, ஆயுதம் பறிக்கப்பட்ட வரலாற்றையே குணமாக மாற்றிப் பெருமைப்பட்டுக்கொள்கிறது. 1801இல் பறித்தார்கள், 1858இல் மரையைக் கடைந்தெடுத்தார்கள், 1878இல் சட்டம் போட்டார்கள், கடைசியில் நாம் இயல்பிலேயே சாதுக்கள் என்று நாமே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தோம். இரண்டு பேச்சுக்கும் நடுவில் இன்னும் சாதாரணமான ஒரு கேள்வி நிற்கிறது. ஒரு கருவியை 'பழசு' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

கைத்தறி, கட்டுமரம், நாட்டு மருந்து, நாட்டு மாடு, எல்லாவற்றின்மேலும் இந்தச் சொல் விழுந்திருக்கிறது. ஒரு பக்கம் 'பழசு' என்று ஒதுக்கி அதோடு வாழ்பவனை அங்கேயே நிறுத்தி வைப்பது. மறுபக்கம் அதே பொருளை விலையுயர்ந்த நகலாக்கி, ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சியாக வேறொருவனுக்கு விற்பது. நகல் துப்பாக்கியில் இது அப்பட்டமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அங்கே நகலுக்கும் பழமையின் சலுகை கிடைக்கிறது. இங்கே அசலுக்கே கிடைக்கவில்லை.

போன மாதம் அண்ணன் போன் பண்ணினார். ஓய்வு பெற்ற பிறகு காரைக்காலுக்கே வந்துவிடலாமா என்று யோசிக்கிறாராம். நெடுங்காடு பக்கம் தோட்டத்தோடு ஒரு வீடு பார்க்கச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, "அந்தச் சாமானைக் கொண்டு வர முடியுமா தம்பி?" என்று கேட்டார். பிரிவு 13, பிரிவு 45, உள்துறைத் திருத்தம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி விடு, வித்துடுறேன். அங்க கேக்குறவங்க நிறைய பேர் இருக்காங்க" என்றார். அவருக்கு விற்க முடிகிறது. பெரியவரின் அப்பா ஒப்படைத்த துப்பாக்கிக்கு ஒரு ரசீதாவது கொடுத்தார்களா என்று மாங்கனித் தெருவில் நான் கேட்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற குழந்தைக்கு மணி கோக்கத் தொடங்கினார்.